மஞ்சள் கோடு போட்ட நட்டு

அவரை எல்லோரும் ரசமட்டம் என்றுதான் கூப்பிட்டார்கள். கொத்தனார்கள் வைத்திருப்பதில் ஆகச் சின்னது ஒன்று எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். கடைக்கு வருகிற வண்டியின் அச்சில் அதை வைத்து, கண்ணைச் சுருக்கி, நீர்க்குமிழி நிற்கும்வரை வாய் திறக்க மாட்டார். "மச்சான் கட்டிலுக்கும் ரசமட்டம் வெச்சுப் பார்த்துட்டுத்தான் படுப்பார்" என்று அவருடைய தங்கையின் கணவர் வாடிக்கையாளர்களிடம் சொல்வது வழக்கம். அவர் சிரிக்க மாட்டார். மறுக்கவும் மாட்டார்.

தொழிலில் இருவரும் கூட்டாளிகள். பதினோரு வருடமாக ஒரே கூரையின் கீழ் கடை. மலைப்பாதைக்கும் சேற்றுக்கும் போகிற வண்டிகளை உயர்த்திக் கொடுப்பது தொழில். மாப்பிள்ளைக்கு வயரிங், வாடிக்கையாளர், பேச்சு. ரசமட்டத்துக்கு வண்டியின் அடிப்பக்கம். இந்தப் பிரிவினையை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. ஒருவருக்குப் பேச வராது, இன்னொருவருக்குப் பேசாமல் இருக்க வராது, அவ்வளவுதான்.

வண்டியை உயர்த்துவது பெரிய வித்தை இல்லை. நீளமான ஸ்பிரிங்கைப் போட்டால் எந்த வண்டியும் உயரும். உயர்ந்த வண்டி ஓட்டுகிறவர் சொன்னபடி கேட்க வேண்டும். வேலை அங்கேதான் இருக்கிறது. உடம்பு நான்கு அங்குலம் மேலே போனால் ஸ்டியரிங் பெட்டியும் கூடவே மேலே போகிறது. சக்கரம் தரையிலேயே நிற்கிறது. இரண்டையும் இணைக்கும் தடி மிகவும் சாய்ந்துவிடுகிறது. அப்புறம் ஒரு கல்லில் சக்கரம் ஏறினால், ஓட்டுகிறவர் கையை அசைக்காவிட்டாலும் வண்டி தானே திரும்பும். அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடித்துக்கொள்ள இன்னொரு தடியும் உண்டு. அதற்கும் இதே சாய்வு வந்துவிடும். இரண்டு தடிகளையும் ஒரே கோணத்துக்குக் கொண்டுவர வேண்டும், தண்டவாளம் மாதிரி. ஒன்றைத் திருத்தி மற்றதை விட்டால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். அரைகுறையாகத் திருத்தியது திருத்தாததைவிட மோசம் என்பது அந்த வேலையின் அடிப்படை. வேறு பல விஷயங்களிலும் அது உண்மைதான், ஆனால் வண்டியில் அது அன்றைக்கே தெரிந்துவிடுகிறது.

ரசமட்டம் பெரிய மேதை என்று சொல்ல மாட்டேன். மெதுவானவர். புதிதாக எதையும் கண்டுபிடித்ததில்லை. ஆனால் முறையை விட்டு விலகாதவர். அவருடைய முறைகளில் ஒன்று மஞ்சள் பெயிண்ட். ஒரு நட்டைக் கடைசி முறுக்கு முறுக்கியதும், நட்டின் மேலிருந்து பக்கத்து இரும்புவரை மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று இழுப்பார். கோடு இருந்தால் வேலை முடிந்தது. எந்த நட்டையாவது மறுபடி திறந்தால் முதலில் தின்னர் தொட்ட துணியால் கோட்டைத் துடைத்துவிட்டுத்தான் ஸ்பேனரை வைப்பார். மாப்பிள்ளைக்கு அடிப்பக்க வேலை தெரியாது, ஆனால் மஞ்சள் தெரியும். வண்டியை வெளியே விடும் முன் டார்ச் அடித்து மஞ்சளை எண்ணுவார். பதினோரு வருடத்தில் அந்தக் கணக்கு ஒரு தடவைகூடப் பொய்யானதில்லை.

அந்த வாரம் லிஃப்டின் மேல் இருந்தது தங்கையின் வண்டி. அவள் கால்நடை மருத்துவர். மலைக்கு மேல் இருக்கிற தொழுவங்களெல்லாம் அவள் பொறுப்பு. மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, அழகுக்குக் கேக்கலை. ஓடைக் கல்லுல அடிவயிறு இடிக்குது. போன மாசம் வண்டியை விட்டுட்டு நடந்தே போனேன். போறதுக்குள்ள கன்னு செத்துப்போச்சு."

"செஞ்சு தர்றேன். அவசரப்படுத்தக் கூடாது."

"நீ எதை அவசரமா செஞ்சிருக்க? உன் கல்யாணத்துக்கே நீதான் கடைசியா வந்த."

நான்காவது நாள் காலையில் வேலை ஏறக்குறைய முடிந்திருந்தது. ஸ்டியரிங் பெட்டியின் கீழே, கீழ்நோக்கி வளைந்த புதிய கை ஒன்றைப் பொருத்தித் தடியின் மேல்முனையை இறக்கியாயிற்று. அச்சில் ஒரு பிராக்கெட்டை வெல்டு வைத்து மற்றத் தடியின் கீழ்முனையை ஏற்றியாயிற்று. வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவதற்காக முன் அச்சின் சாய்வையும் பழையபடி ஆக்கியாயிற்று. இரண்டு தடிகளிலும் ரசமட்டத்தின் குமிழி ஒரே இடத்தில் நின்றது. எல்லா நட்டுகளையும் முறுக்கி, எல்லாவற்றிலும் கோடு போட்டுவிட்டு மேலே பார்த்தார். சக்கரம் நேராக இருந்தது, உள்ளே ஸ்டியரிங் வட்டம் கொஞ்சம் கோணலாக இருந்தது.

அது சின்ன விஷயம். தடியின் சக்கரப் பக்க முனையைக் கழற்றி, தடியை அரைச் சுற்று நீட்டி, திரும்பப் பூட்டினால் சரியாகும். அந்த முனையில் கூம்பு வடிவத்தில் ஒரு முளை. அது கூம்பான துளையில் உட்காரும், நட்டு அதைக் கீழிருந்து இழுத்துப் பிடிக்கும், நட்டு கழன்றுவிடாமல் குறுக்கே ஒரு கம்பிப் பின் போகும். அவர் பின்னை உருவித் தட்டில் போட்டார். நட்டைக் கழற்றினார். சுத்தியலால் ஒரு தட்டு தட்டி முளையை விடுவித்தார். தடியை நீட்டி, முளையைத் துளையில் வைத்து, நட்டை விரலால் ஏற்றினார்; கோட்டின் இரண்டு பாதியும் ஏறக்குறைய ஒன்றாகவே நின்றன. வண்டியைத் தரையில் இறக்கி, ஸ்டியரிங் நேராகிவிட்டதா என்று பார்த்த பிறகு கடைசி முறுக்கு. கால் மணி நேர வேலை. அதனால் மஞ்சளைத் துடைக்கவில்லை. துடைக்க மறந்தார் என்று சொல்ல முடியாது. துணி கையிலேயே இருந்தது. எப்படியும் மறுபடி போடப்போகிற கோடுதானே என்று அதை விட்டுவிட்டார்.

அப்போது மின்சாரம் போனது. அந்த லிஃப்ட் இறங்குவதற்கு முதலில் ஒரு விரற்கடை மேலே ஏறிப் பூட்டிலிருந்து விடுபட வேண்டும். அதற்கு மின்சாரம் வேண்டும். வண்டி அந்தரத்தில் நின்றது. போனால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது என்பது அனுபவம். சரி, அதற்குள் லேத் பட்டறையில் கொடுத்திருந்த வேறு ஒரு சாமானை வாங்கிவந்துவிடலாம் என்று அவர் கிளம்பினார்.

திரும்பி வரும்போது கடையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. லிஃப்ட் தரையில் இருந்தது. மேலே வண்டி இல்லை. தட்டில் அந்தப் பின் இருந்தது.

மாப்பிள்ளை மேசையில் குனிந்து ஒரு விளக்கின் வயரைச் சீவிக்கொண்டிருந்தார்.

"வண்டி எங்க?"

"அவ எடுத்துட்டுப் போயிட்டா மச்சான். நீங்க போன அஞ்சாவது நிமிஷம் கரண்ட் வந்துருச்சு. பின்னாடியே அவளும் வந்துட்டா. மேல ஒரு மாட்டுக்குக் கன்னு குறுக்கே நிக்குதாம். நான் டார்ச் அடிச்சுப் பார்த்துட்டுத்தான் விட்டேன். எல்லாத்துலயும் மஞ்சள் இருந்துச்சு."

"போய் எவ்வளவு நேரமாச்சு?"

"ஒரு இருபது நிமிஷம். ஏன்?"

ரசமட்டம் பின்னை எடுத்துக் காட்டினார். மாப்பிள்ளைக்கு அது எங்கே போகிற பின் என்று தெரியாது. ஆனால் எங்காவது இருக்க வேண்டியது இங்கே இருக்கிறது என்பது புரிந்தது. வயரை அப்படியே போட்டார்.

கடையின் பழைய வேனில் ஏறினார்கள். மாப்பிள்ளை ஓட்டினார். ரசமட்டம் போனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டார். மணி அடித்து அடித்து நின்றது.

"எடுக்க மாட்டா" என்றார் மாப்பிள்ளை. "ஓட்டும்போது போனைத் தொடவே மாட்டா. எமனே கூப்பிட்டாலும் வண்டியை நிறுத்திட்டுத்தான் பேசுவா." சொல்லிவிட்டு, சொன்ன வார்த்தை காதில் விழுந்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"அந்த மாட்டுக்காரர் நம்பர்?"

"அவ போன்லதான் இருக்கு."

வேன் எண்பதைத் தொட்டதும் கதவுகள் நடுங்கின.

"மச்சான், நான் ஒவ்வொண்ணாப் பார்த்தேன். சத்தியமா. பதினாலு கோடு. எண்ணினேன்."

"பதினாலும் இருந்திருக்கும்."

"அப்புறம் என்ன?"

"ஒண்ணைத் திரும்பக் கழட்டினேன். கோட்டை அழிக்கலை. நட்டு கையால ஏத்தினதுதான் நிக்குது."

மாப்பிள்ளை பாதையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது கழண்டா?"

"ஸ்டியரிங்கைத் திருப்பலாம். சக்கரம் திரும்பாது."

ஒரு அடையாளம் வேலை முடிந்தது என்று சொல்லும். முடிந்ததா என்பது அடையாளத்துக்குத் தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதன் நிற்கிறான், அவன் துடைக்க வேண்டியதைத் துடைப்பான் என்ற ஒரே நம்பிக்கையில்தான் மற்றவர்கள் வண்டி ஓட்டுகிறார்கள். ரசமட்டம் இதை இப்படியெல்லாம் யோசித்திருக்க மாட்டார். அவர் மனத்தில் ஓடியது வேறு கணக்கு. சமதளத்தில் நேர்ப்பாதை, தடிக்கு வேலை குறைவு, நட்டு மெல்லத்தான் இறங்கும். அடிவாரம்வரை பெரும்பாலும் தாங்கும். மலையில் கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் முழுத் திருப்பு. ஒவ்வொரு திருப்பும் முளையை உலுக்கும். எட்டு வளைவு. எத்தனையாவதில் என்பதுதான் கேள்வி.

"கழட்டினா அழிக்கணும்னு நீங்கதானே சொல்வீங்க" என்றார் மாப்பிள்ளை. குரலில் கோபம் இல்லை. அதுதான் கேட்க முடியாததாக இருந்தது.

"ஆமா."

ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில். பெட்டிகள் ஒவ்வொன்றாக, எங்கும் போக அவசரமில்லாதவை போல நகர்ந்தன. மாப்பிள்ளை இறங்கி ஓடிக் கேட் கீப்பரிடம் கேட்டுவிட்டு வந்தார்.

"உயரமா ஒரு வண்டி, பொம்பளை ஓட்டினது, கேட் மூடுறதுக்கு முன்னாடியே போயிருச்சாம். நல்ல வேகமாம்."

"ரோட்டோரத்துல யாராவது நின்னாங்களான்னு..."

"கேட்டேன். யாரும் நிக்கலை."

ரசமட்டம் பெட்டிகளுக்கு இடையே தெரிந்த மறுபுறத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கையில் இருந்த பின் வியர்வையில் வழுக்கியது. அதைச் சட்டைப் பையில் போட்டார். இரண்டு நிமிடம் கழித்து, இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். கடைசிப் பெட்டி போன பிறகும் கேட் திறக்க நேரமானது. பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரன் அடித்தார். "அடிடா அடி, உன் ஹாரனுக்குத்தான் கேட் பயந்து எந்திரிக்கப்போகுது" என்று மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார்.

அடிவாரத்தில் வண்டி இல்லை. நின்றிருந்தால் அங்கே நின்றிருக்கும் என்று ரசமட்டம் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தார். இல்லாததும் அவருக்கு ஒரு நல்ல செய்தியாகத் தோன்றவில்லை.

"மெதுவா போங்க மாப்பிள்ளை. நான் ஓரத்தைப் பார்த்துக்கிட்டே வர்றேன்."

முதல் வளைவு. தடுப்புச் சுவர் முழுதாக இருந்தது. இரண்டாவது வளைவிலும் அப்படியே. மூன்றாவது வளைவில் தார் மேல் இரண்டு கறுப்புக் கோடுகள், பிரேக் அடித்த தடம், நேராகச் சுவரை நோக்கிப் போயிருந்தன.

மாப்பிள்ளை வேனை நிறுத்தினார். இறங்கவில்லை. ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, "நீங்க போய்ப் பாருங்க மச்சான்" என்றார். "என்னால முடியாது."

ரசமட்டம் இறங்கி நடந்தார். பத்தடி இருக்கும். கோடுகள் சுவருக்கு ஒரு முழம் முன்னால் முடிந்திருந்தன. சுவரில் கீறல் இல்லை. ஆனாலும் எட்டிப் பார்த்தார். கீழே புதர், பாறை, அதற்கும் கீழே அவர்கள் வந்த பாதை. வேறு ஒன்றும் இல்லை. திரும்பியபோது, மலைச்சுவர் ஓரத்து மண்ணில் அகலமான டயர்த் தடம் தெரிந்தது. வண்டி பின்னால் வந்து உள்பக்கமாக ஒதுங்கி நின்றிருக்கிறது. பக்கத்தில் யாரோ மல்லாந்து படுத்து எழுந்த தடம். அதன் ஓரத்தில் நீல நிறத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் மூடி.

அதைக் கொண்டுவந்து மாப்பிள்ளையிடம் கொடுத்தார்.

"இது ஊசி மூடி" என்றார் மாப்பிள்ளை. "பெரிய மாட்டுக்குப் போடுற ஊசி. வீட்டுல துவைக்கப் போற சட்டையிலெல்லாம் இதுதான் கிடக்கும்." மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இங்க எந்த மாட்டுக்கு ஊசி போட்டா?"

மீதி ஐந்து வளைவுகளை எப்படிக் கடந்தார்கள் என்று பின்னால் இருவராலும் சொல்ல முடியவில்லை. உச்சியில், ஓடையைத் தாண்டி, தொழுவத்துக்கு வெளியே அந்த வண்டி நின்றது. சக்கரங்கள் நேராக இருந்தன. மாப்பிள்ளை தொழுவத்தின் பக்கம் ஓடினார். ரசமட்டம் வண்டிக்கு அடியில் போனார்.

நட்டு இறுகி இருந்தது. டூல் பையில் இருந்த ஸ்பேனரால் யாரோ பலம்கொண்ட மட்டும் முறுக்கியிருந்தார்கள். பின் போக வேண்டிய துளையில் ஒரு தடித்த ஊசி குறுக்கே நுழைந்து, இரண்டு பக்கமும் குறட்டால் வளைக்கப்பட்டிருந்தது. நட்டில் பாதி மஞ்சள் கோடும் இரும்பில் பாதியும் எதிரெதிர்த் திசையில் நின்றன. நல்ல வேலை என்று சொல்ல முடியாது. ஐந்து வளைவுக்கும் ஓர் ஓடைக்கும் போதுமான வேலை.

அடியிலிருந்து எழுந்துவர அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

தொழுவத்தில் அவள் மண்டியிட்டிருந்தாள். வலது கை தோள்வரை மாட்டுக்குள் இருந்தது. மாட்டுக்காரர் தலைப்பக்கம் பிடித்திருந்தார். மாப்பிள்ளை கையில் கயிற்றைக் கொடுத்திருந்தாள்.

"வந்துட்டியா? பேசாதே. கயித்தைப் பிடி. நான் சொல்லும்போது இழுக்கணும், சொல்லாதப்ப இழுக்கக் கூடாது. உங்க ரெண்டு பேருக்கும் ரெண்டாவதுதான் கஷ்டம்."

அரை மணி நேரம் ஆனது. கன்று நனைந்த சாக்கு மாதிரி வைக்கோலில் விழுந்து, மூச்சு விடாமல் கிடந்து, பிறகு விட்டது. அவள் வாளித் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டே கணவரைப் பார்த்தாள்.

"முதல் வளைவுல திருப்பினதும் திரும்புச்சு. ரெண்டாவதுல யோசிச்சுட்டுத் திரும்புச்சு. மூணாவதுல திரும்பலை. ஏறிட்டு இருந்ததால பிழைச்சேன், இறங்கும்போதா இருந்தா நேரா போயிருப்பேன். அடியில போய்ப் பார்த்தா நட்டு ரெண்டு மரையில தொங்குது. உங்க அவசரம்தானே? அண்ணன் வர்றதுக்குள்ள சாவியை எடுத்துக் கொடுத்துட்டீங்க."

மாப்பிள்ளை வைக்கோலைப் பார்த்தார். "பார்த்துட்டுத்தான் கொடுத்தேன்" என்றார். பேசாமல் இருக்க வராத மனிதர் அந்த இடத்தில் பேசாமல் இருந்தார்.

ரசமட்டமும் பேசவில்லை. அவர் வெளியே போய் வண்டிக்கு அடியில் படுத்தார். ஊசியை நிமிர்த்தி உருவி, நட்டைக் கழற்றி, முளையைத் துடைத்து, வேனில் இருந்து எடுத்த பெரிய ஸ்பேனரால் கடைசி முறுக்கு கொடுத்து, சட்டைப் பையிலிருந்த பின்னை நுழைத்து வளைத்தார். பிறகு மற்ற பதின்மூன்று நட்டுகளையும் ஒவ்வொன்றாக மறுபடி முறுக்கிப் பார்த்தார். எதுவும் நகரவில்லை. மாட்டுக்காரர் இரண்டு தடவை வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனார்.

வெளியே வந்ததும் சாவிக்குக் கை நீட்டினார். "நான் ஓட்டுறேன். நீ வேன்ல வா."

"வேண்டாம்" என்றாள் அவள். "இந்தப் பாதையில நாளைக்கும் நான்தான் ஓட்டணும். நாளான்னைக்கும் நான்தான். இன்னைக்கு இறங்கலைன்னா அப்புறம் எனக்குக் கை வராது. நீ பக்கத்துல உட்காரு. அவர் வேனை எடுத்துட்டுப் பின்னாடி வரட்டும்."

அவர் ஏறி உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் தான் உயர்த்திய வண்டி ஒன்றில் மலைப்பாதையில் அவர் பயணியாக உட்கார்ந்ததில்லை. ஓடைக் கற்களில் வண்டி ஏறி இறங்கியது. ஸ்டியரிங் வட்டம் அவள் கையில் அசையாமல் நின்றது. இரண்டு தடிகளும் ஒரே கோணத்தில் வேலை செய்கின்றன என்பதற்கு அது போதும். அது அவருக்கு எந்த ஆறுதலையும் தரவில்லை.

முதல் வளைவுக்கு முன்னால் அவள் வேகத்தைக் குறைத்தாள்.

"பயமா இருக்கா அண்ணா?"

"இருக்கு."

"எனக்கும்தான். ஏதாவது பேசிட்டு வா."

"எனக்கு என்ன பேச வரும்?"

"எதையாவது பேசு. வண்டியைப் பத்தியே பேசு. என்னென்ன செஞ்சேன்னு வரிசையா சொல்லு, கேட்டுட்டே இறங்கிடறேன்."

பின்னால் வேன் தன் கதவுகள் ஆட வந்துகொண்டிருந்தது. ரசமட்டம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சாவி கொடுத்தது அவர்தான்" என்றார். "ஆனா தப்பு அவர் மேல இல்லை. காலையிலிருந்து சொல்றேன், கேளு."

அவள் தலையசைத்துவிட்டு ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினாள். வண்டி திரும்பியது. அவர் காலையிலிருந்து ஆரம்பித்தார்.